நிறைந்த கோடும் அறுந்த கோடும்

நல்ல எக்ஸ்ரே படம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எக்ஸ்ரே வேலை பழக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆளுக்குத் திமிர் என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை, கூச்சம். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நாக்கு எழாது. அந்தக் கூச்சத்தால் ஒரு மனிதரின் வயிற்றைக் கிழிக்கும் வரைக்கும் விஷயத்தைக் கொண்டுபோயிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னதாக ஆகும். பேச வராததால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருந்த ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் தோல் பதனிடும் இடத்தில் வேலை. மருந்துத் தொட்டியில் கையை விட்டுப் பழகியவன் என்பதால்தான் இருட்டறை வேலைக்கு எடுத்தார்கள். இப்போது உங்களுக்கு இருட்டறை கிடையாது, படம் நேரே திரைக்கு வந்துவிடுகிறது. அப்போது டெக்னீஷியன் வெளியே படம் எடுத்து, ஃபிலிம் இருக்கும் கேசட்டைச் சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளுவார். நான் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஃபிலிமை உருவி, சட்டத்தில் மாட்டி, முதலில் டெவலப்பர், அப்புறம் ஃபிக்ஸர், அப்புறம் தண்ணீர் என்று மூன்று தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு நெஞ்சுப் படத்தின் மேல் டெவலப்பரைச் சிந்திவிட்டேன். நடுவில் கறுப்பாகத் திட்டு விழுந்துவிட்டது. மாலையில் ரிப்போர்ட் எழுத வரும் டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, வரிசையாக உட்கார்ந்திருந்த நோயாளிகள் முன்னால், "இதை எவன் கழுவினது? படம் கழுவினானா, பாத்திரம் கழுவினானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டெக்னீஷியனும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றிலிருந்து அழுக்குப் படம் ஒன்றுகூட என் கையிலிருந்து வெளியே போகக் கூடாது என்று வைராக்கியம் வந்தது. வைராக்கியம் நல்லதுதான். ஆனால் எது அழுக்கு, எது அழுக்கில்லை என்று யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஐ.வி.பி. என்று ஒரு பரிசோதனை உண்டு. நீங்கள் இப்போது அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்போது வாரத்துக்கு நாலைந்து வரும். கை நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது ரத்தத்தோடு போய், சிறுநீரகத்தில் வடிந்து, சிறுநீரோடு கீழே இறங்கும். மருந்து போகும் இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மேலே இரண்டு பக்கமும் சிறுநீரகத்துக் கிண்ணங்கள், அவற்றிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்கள், கீழே பை. ஐந்தாம் நிமிடம், பதினைந்தாம் நிமிடம், இருபத்தைந்தாம் நிமிடம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுப்பார்கள். எது எத்தனையாவது நிமிடம் என்று தெரிய, ஓரத்தில் ஈயத்தில் செய்த எண்களை ஒட்டுவார்கள்.

அந்தக் குழாய் படத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இறங்கியிருந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் அப்படி வராது. மேலே ஒரு துண்டு இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது, கீழே இன்னொரு துண்டு இருக்கும். இது என் கை வேலை என்று நினைத்துவிட்டேன். கோட்டின் மேல் டெவலப்பர் தெறித்து வெள்ளை கறுத்துவிட்டது என்று நினைத்தேன். தெறித்தால் கோட்டின் மேல் மட்டும் குறிபார்த்தா தெறிக்கும் என்று அப்போது தோன்றவில்லை. பயந்தவனுக்கு யோசனை ஓடாது.

நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கமாவது கோடு முழுசாக இருந்தால் அது நல்ல படம். இரண்டு பக்கமும் அறுந்திருந்தால் கெட்ட படம். கெட்ட படத்தை வெளியே காட்ட மாட்டேன். கதவை லேசாகத் திறந்து, "நகக்கீறல் விழுந்துடுச்சுண்ணா, இன்னொண்ணு எடுத்துடுங்க" என்பேன். டெக்னீஷியன் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், பல்லாவரத்துக்காரர். "உன் நகத்தை ஒரு நாள் நானே வெட்டிவிடறேன் கன்னியப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த படம் எடுப்பார். கெட்ட படம் பழைய ஃபிலிம் போடும் பெட்டிக்குப் போய்விடும். அதிலுள்ள வெள்ளிக்காக அதை வாங்கிப் போக ஒருவர் வருவார். இப்படி எட்டு மாதம் ஓடியது. என் படங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் டாக்டரே ஒருமுறை சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழுமலை என்பவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர். வலது விலாவில் வலி. மனைவி தேவகியும் கூட வந்திருந்தார். அவர் குரல் இருட்டறைக் கதவைத் தாண்டிக் கேட்கும்.

"மூச்சைப் புடின்னா புடிக்கணும்யா. நீ இன்னா வாயப் பொளந்துகினு கீற?"

"நீ வேணா வந்து படுத்துக்கோடி," என்றார் ஏழுமலை.

ஐந்தாம் நிமிடப் படத்தில் கிண்ணங்கள் மட்டும்தான், மருந்து குழாய்க்கு இன்னும் இறங்கவில்லை. பதினைந்தாம் நிமிடப் படம் எனக்குத் திருப்தியாக வந்தது. வலப்பக்கம் கோடு முழுசாக இருந்தது. இருபத்தைந்தாம் நிமிடப் படத்தில் இரண்டு பக்கமும் அறுந்திருந்தது. வழக்கம்போல் நகக்கீறல் என்று சொன்னேன். முப்பதாம் நிமிடம் இன்னொன்று எடுத்தார். அதில் மறுபடியும் வலப்பக்கம் முழுசு. ஐந்தோடு பதினைந்தையும் முப்பதையும் சந்தோஷமாக உலர்த்தி அனுப்பினேன். இருபத்தைந்து பெட்டிக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை, ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஐ.வி.பி. அந்த அளவு ஃபிலிம் தீர்ந்துபோய்க் கடைசி ஒன்றுதான் இருந்தது. கழுவிப் பார்த்தால் இரண்டு பக்கமும் அறுந்த கோடு. இன்னொன்று எடுக்கச் சொல்ல வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே கொண்டுவந்தேன்.

டெக்னீஷியன் ஈரப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பிரமாதம்," என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "அறுந்திருக்கேண்ணா," என்றேன்.

"அறுந்திருந்தாத்தான் நல்லது."

எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டேன். "ஏண்ணா?"

அவர் என்னை இருட்டறைக்குள்ளேயே அழைத்துப் போனார். தொட்டிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கையில் எடுத்தார். குழாய் நிறையத் தண்ணீர் இருந்தது. இரண்டு விரலால் மேலே நசுக்கி, நசுக்கினபடியே கீழே வரை இழுத்தார். ஒரு வாய்த் தண்ணீர் தொட்டியில் சொத்தென்று விழுந்தது.

"மூத்திரம் மழைத்தண்ணி மாதிரி தானா இறங்கறதில்லப்பா. அந்தக் குழாயில சதை இருக்கு. மேல கிண்ணத்துல கொஞ்சம் சேர்ந்ததும் சதை சுருங்கும். அந்தச் சுருக்கம் அப்படியே அலை மாதிரி கீழ ஓடும், முன்னால இருக்கறத ஒரு வாய் ஒரு வாயா பைக்குள்ள தள்ளும். அப்புறம் கொஞ்சம் ஓய்வு. திரும்ப அடுத்த அலை. நிமிஷத்துக்கு ரெண்டோ மூணோ, ஆளைப் பொறுத்து. நீ படுத்திருந்தாலும் ஓடும், தலைகீழா நின்னாலும் ஓடும். இப்ப நான் நசுக்கின இடத்துல தண்ணி இருந்துதா?"

"இல்ல."

"அந்த நேரத்துல போட்டோ புடிச்சா?"

"அறுந்த மாதிரி இருக்கும்."

"அவ்ளோதான். அறுந்த இடம்தான் வேலை நடக்கற இடம்." குழாயை மாட்டிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "தினமும் ரயில்வே கேட்டைப் பார்க்கறியே. ரோடு நிறைய வண்டி எப்ப இருக்கும்?"

"கேட்டு மூடியிருந்தா."

"ஓடற ரோட்ல நடுநடுவுல காலியா இருக்கும். இதுவும் அப்படித்தான். எப்பப் பார்த்தாலும் மேலருந்து கீழ வரைக்கும் நிறைஞ்சே நிக்குதுன்னா, கீழ எங்கயோ கேட்டு மூடியிருக்குன்னு அர்த்தம். நம்ம லேத்துக்காரர் கேஸ் அதானே. பதினைஞ்சுலயும் ஃபுல்லு, முப்பதுலயும் ஃபுல்லு. குழாய் முடியற இடத்துக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. கல்லு அடைச்சிருக்குன்னு ரிப்போர்ட். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஆபரேஷன், கேட்டுக்கு அந்தாண்ட இருக்கே நர்ஸிங் ஹோம், அங்க."

பெட்டியில் போட்ட படம் நினைவுக்கு வந்தது. இருபத்தைந்தாம் நிமிடத்தில் அந்தக் குழாய் ஓடியிருக்கிறது. அதை நான் பார்த்தேன். உலகத்தில் நான் ஒருவன் மட்டும்தான் பார்த்தேன்.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "கன்னியப்பா, ஃபிக்ஸருக்கு ஹைப்போ பாக்கெட் வந்துதா?" என்று அவர் கேட்டார். வந்தது என்றேன். ஐந்து மணி ரயிலுக்கு அவர் கிளம்பிப் போகும் வரை அவர் பின்னாலேயே சுற்றினேன், சொல்லவில்லை. நீங்கள் என்னைத் திட்ட வேண்டும் என்றால் இந்த இடத்தில் திட்டுங்கள். அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு. அறிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்துக்கு நான் இன்னும் எனக்கு மன்னிப்புக் கொடுக்கவில்லை.

என் வீடு மேற்குத் தாம்பரம், கடப்பேரி. மறுநாள் விடிந்ததுமே கிளம்பி வந்து, என்னிடம் இருந்த சாவியால் நிலையத்தைத் திறந்தேன். அன்று வெள்ளிக்கிழமை, பழைய ஃபிலிம் வாங்குகிறவர் மாதம் ஒருமுறை வரும் நாள். பழைய படங்களைக் கட்டுக் கட்டி வைத்திருந்தேன், ஏழுமலையின் படம் அந்த வாரம் தளர்வாகக் கட்டி மேலே வைத்த கட்டுக்குள் இருக்க வேண்டும். கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். படிப்பு அதிகம் இல்லாவிட்டாலும் எண் படிப்பேன். ஓரத்தில் அவருடைய எண், அதன் கீழே இருபத்தைந்து. கிடைத்தது.

மணி எட்டு. டெக்னீஷியன் வர எட்டரை, சில நாள் ஒன்பதும் ஆகும். அவர் வந்தால் அவர் கையில் கொடுத்துவிடலாம், அவர் பேசிக்கொள்வார். எனக்கு அதுதான் வசதி. போன் செய்யலாம் என்றால் டயலில் பூட்டு, சாவி முதலாளியிடம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன். அங்கே ஒரு மனிதர் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார், நான் இங்கே என் வசதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று தோன்றியது. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு நடந்தேன். ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேட் மூடியிருந்தது. லாரி, சைக்கிள், பால் வண்டி என்று ரோடு அடைத்து நின்றது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மின்சார ரயில் ஒன்று போகும் வரை காத்திருந்து, கம்பிக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனேன்.

நர்ஸிங் ஹோம் மாடியில் தேவகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபிளாஸ்க். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா சார், நீ அந்த எக்ஸ்ரே கடை ஆளுதானே? நீ இன்னாத்துக்கு இங்க வந்துகினு கீற?"

"டாக்டரைப் பார்க்கணும்மா."

"எதுனா பேஜாரா?"

அவர் என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று ஆபரேஷன் அறைக் கதவைத் தட்டி, "சிஸ்டர்! இங்க வாம்மா, இந்த ஆளு இன்னாமோ சொல்ல வந்து முழிச்சிகினு நிக்கறாரு!" என்று கூப்பிட்டார். நான் தட்டியிருக்க மாட்டேன். அந்தக் கதவைத் திறந்தது அவர்தான்.

சர்ஜன் கை கழுவப் போகும் நேரம். உயரமானவர், அதிகம் பேசாதவர். படத்தை நீட்டினேன்.

"என்ன இது?"

"அவரோடது சார். இருபத்தஞ்சு நிமிஷம்."

"என்கிட்ட வந்தது அஞ்சு, பதினைஞ்சு, முப்பதுதானே? இது ஏன் வரல?"

"நான் தூக்கிப் போட்டுட்டேன் சார்."

"ஏன்?"

"படம் அசிங்கமா இருந்துச்சு சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் எப்படி நிற்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன், அவர் திட்டாததுதான் கஷ்டமாக இருந்தது. குழாய் தெரியும் மூன்று படத்தையும் வரிசையாக வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பதினைந்து, இருபத்தைந்து, முப்பது. இரண்டு ஓரப் படங்களிலும் நிறைந்த கோடு, நடுப் படத்தில் அறுந்த கோடு. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

மயக்க மருந்து டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "சார், நான் பதினோரு மணிக்கு கிண்டியில இருக்கணும். கேஸ் உண்டா, இல்லையா?"

சர்ஜன் திரும்பவில்லை. "இது ஓடியிருக்கு," என்றார், படத்தைப் பார்த்தபடியே. விரலைக் கீழே நகர்த்தி, "ஓடியிருக்குன்னா அந்தப் புள்ளி என்ன?" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

நான் அன்று அவரிடம் பார்த்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேஜை தயார், கத்தி தயார், ஆட்கள் தயார். ரிப்போர்ட்டும் கையில் இருக்கிறது, வெட்டினால் யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு படம் கழுவுகிறவன் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்த ஃபிலிமுக்காக அத்தனையையும் நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. அவர் நிறுத்தினார்.

"சாரி டாக்டர், நீங்க கிளம்புங்க," என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னார். என்னிடம், "ஆளு வெறும் வயித்துல இருக்காரு, குடலும் சுத்தமா இருக்கு. இப்பவே கூட்டிக்கிட்டுப் போய் இன்னொரு தடவை ஐ.வி.பி. எடுங்க. கொஞ்சம் சாய்ச்சுப் படுக்கவெச்சும் ஒண்ணு எடுக்கச் சொல்லு. எல்லாப் படமும் எனக்கு வரணும். நல்லது கெட்டது நீ பார்க்காதே. அது என் வேலை," என்றார்.

ஆட்டோவில் நான் டிரைவர் பக்கத்தில். பின்னால் ஏழுமலை ஆபரேஷன் அங்கியோடு, மேலே மனைவியின் துண்டைப் போர்த்திக்கொண்டு.

"ஏன்யா," என்றார் தேவகி, என் முதுகைப் பார்த்து. "ஒரு படத்தக் கடாசிட்டு மூணு நாளா சும்மா இருந்தியே. இவரக் கிழிச்சிருந்தா?"

நான் டிரைவருக்கு வழி சொன்னேன்.

"வுடு," என்றார் ஏழுமலை. "வந்து சொன்னான்ல. பட்டறைல ஒருத்தன் அளவு தப்பா கடைஞ்சான்னா, பீஸை மறைச்சு வெப்பானே தவிர எடுத்தாந்து காட்டவா போறான்?"

அவருடைய நல்ல வார்த்தை மனைவியின் ஏச்சைவிட அதிகமாகக் குத்தியது.

நிலையத்தில் டெக்னீஷியன் பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து நாங்கள் மூவரும் இறங்கியதைப் பார்த்து, "என்னய்யா இது, கல்யாண ஊர்வலமா?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு மாதத்தையும் சேர்த்து. அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னிடமிருந்து சாவியை வாங்கி ஷட்டரைத் தூக்கினார்.

அன்று கழுவிய படங்களை நான் மறக்க மாட்டேன். பத்தாம் நிமிடம் வலப்பக்கம் நடுவில் அறுந்திருந்தது. பதினைந்தில் கோடு முழுசு. எனக்கு உயிர் போயிற்று. இருபதில் மறுபடி அறுந்தது, ஆனால் இந்த முறை கீழே. அலை நகர்ந்திருக்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் ஈரம் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் நான் பெட்டியில் போட்டது அழுக்கை இல்லை, ஓட்டத்தை. சாய்த்து எடுத்த படத்தில் அந்த வெள்ளைப் புள்ளி குழாயை விட்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. அது கல்லே இல்லை. ரத்தக் குழாய் ஒன்றில் படிந்த சுண்ணாம்புத் துளி, பலருக்கு இருக்கும், ஒன்றும் செய்யாது என்று சர்ஜன் பிறகு சொன்னார். வலி எதனால் என்றால், பட்டறையில் கனம் தூக்கிய இடத்துச் சதைப் பிடிப்பாக இருக்கலாம் என்றார். ஒரு மாத ஓய்வில் அது போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவர்களை அனுப்பிவிட்டு, டெக்னீஷியன் இருட்டறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார். "எத்தனை படம் கன்னியப்பா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

ஃபிலிம் வாங்குகிறவர் வந்தபோது, இன்று இல்லை என்று அனுப்பிவிட்டோம். கட்டுகளைப் பிரித்துப் போட்டு இருவரும் மதியம் வரை தேடினோம். கிடைத்த படங்களை அந்தந்த ரிப்போர்ட்டோடு சேர்த்து ரிப்போர்ட் டாக்டரிடம் மறுபடி காட்டினோம். இரண்டு பேருடைய டாக்டர்களுக்கு, ரிப்போர்ட் மாறுகிறது என்று அவர் கடிதம் எழுதினார். ஆனால் அதற்கு முந்தின மாதங்களின் கட்டுகள் எப்போதோ போய், உருகி, வெள்ளியாகிவிட்டன. அவற்றில் யாருடைய ஓட்டம் இருந்தது, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். டெக்னீஷியன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ போனா புதுசா ஒருத்தன் வருவான். அவனும் இதே தப்பைப் பண்ணுவான். நானும் அவனுக்குச் சொல்லித்தர மாட்டேன், உனக்குச் சொல்லித்தராத மாதிரி," என்றார். அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னது அன்று எனக்கு முழுசாகப் புரியவில்லை. அடுத்த நாளிலிருந்து, கழுவிய ஒவ்வொரு படத்தையும் இருவரும் ஒன்றாக நின்று பார்ப்பது வழக்கமாயிற்று. கேள்வி கேட்டே தீர வேண்டும், தினமும் ஒன்றாவது, என்று எனக்குக் கட்டளை. முதலில் வேண்டுமென்றே அசட்டுக் கேள்வியாகக் கேட்பேன். அவரும் சலிக்காமல் பதில் சொல்வார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் கையில் இப்போது தொட்டி இல்லை, ஒரு பொத்தான் இருக்கிறது. பிடிக்காத படத்தை அழித்துவிட நொடி போதும், பெட்டியில்கூடத் தேட முடியாது. அழிக்கும் முன்னால் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். அழகாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்று எனக்குத் தெரிய எட்டு மாதமும் ஒரு மனிதரின் வயிறும் தேவைப்பட்டன. உங்களுக்கு ஒரு கேள்வி போதும்.

ஏழுமலையை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். மூன்று வருடம் கழித்து இருக்கும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, சேருவதற்கு நெஞ்சுப் படம் வேண்டுமென்று வந்திருந்தார். நான் கேசட்டை மாட்ட உள்ளே போனபோது சட்டையைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுவிட்டார்.

"இன்னா சார், சௌக்கியமா? இந்தத் தபா எல்லாப் படத்தையும் குடுப்பியா?"

"ஒரே படம்தாங்க."

"அத்தையும் கடாசிடாத."

சிரித்தேன். ஆனால் என் கண் அவர் முகத்தில் இல்லை. வலது விலாவுக்குக் கீழே, இடுப்பு வரை, அந்த இடத்தையே பார்த்தேன். தழும்பு இல்லை. வியர்வை மினுங்கும் வெறும் தோல். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் அந்த இடம் உள்ளே போய், விடச் சொன்னதும் வெளியே வந்தது.

இருட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நினைப்பு இன்னும் அந்தத் தோலிலேயே இருக்க, ஃபிலிமை உருவினேன். படம் தெளிவாக வந்தது, ஆனால் தோள்பட்டைக்கு மேலே ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். இந்த முறை நிஜமான நகக்கீறல்.

வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரிப்போர்ட் டாக்டரும் அன்று சீக்கிரம் வந்திருந்தார். ஈரப் படத்தை அவர் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"ஓரத்துல என் நகம் பட்டிருக்கு சார்," என்றேன். எல்லோருக்கும் கேட்டது.